துறையறிந்து இணைத்தல்

தைப்பிங் நகரிலிருந்து மேற்கே கடலை நோக்கிச் செல்வோர் கோலா செப்பேத்தாங் என்னும் மீனவர் ஊரை அடைவர். போர்ட் வெல்ட் என்பது அதன் பழைய பெயர். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராயிருந்த சர் பிரெடரிக் வெல்ட் என்பவரின் பெயரால் அவ்வாறு அழைக்கப்பட்டது. 1885ஆம் ஆண்டு சூன் முதல் நாள், மலாயாவின் முதல் இருப்புப்பாதை தைப்பிங்கிற்கும் இத்துறைக்கும் இடையே திறக்கப்பட்டது. அதன் நீளம் எட்டு மைல்; இன்றைய கணக்கில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். லாருட் பகுதியில் தோண்டிய வெள்ளீயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்ப்பதே அப்பாதையின் நோக்கம். அதனை அமைக்க இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர் படையினர் உழைத்தனர். இன்று அங்கே தொடர்வண்டி இல்லை. பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது. அப்பலகையில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழ் எழுத்தும் இருப்பதைக் காணும் தமிழர் மகிழ்வர்.

மடிக்கணினியைப் பற்றிய கட்டுரையைப் பழைய துறைமுகத்தில் தொடங்குவது ஏன் என்று அன்பர்கள் வினவலாம். நம் மேசைமேல் உள்ள மடிக்கணினியின் விளிம்பிலும் போர்ட் என்று பெயர்பெற்ற சிறு வாய்கள் உள்ளன. அவற்றின் வழியாகவே கணினியின் காட்சி வேறொரு திரைக்குச் செல்கிறது. எந்த வாயில் எதனைச் செருகுவது என்று அறியாமையால் பள்ளிகளில் பொருளும் பொழுதும் வீணாகின்றன. அதனினும் பெரிதாக, ஆசிரியரின் தன்னம்பிக்கையும் சில வேளைகளில் வீணாகிறது. ஆதலின் இதனைச் சிறிது விரிவாக ஆராய்தல் தகும்.

சொல்லும் பொருளும்

கணினியில் வழங்கும் போர்ட் என்னும் சொல்லுக்கு வாயில் என்பது மூலப்பொருள். இலத்தீன் மொழியில் போர்ட்டா என்றால் வாயில். போர்ட்டுஸ் என்றால் துறைமுகம். இவ்விரண்டும் உறவுடைய சொற்களே. தமிழில் கலைச்சொல் ஆக்கியோருள் சிலர் இதனைத் துறை என்றே வழங்குகின்றனர். கிள்ளான் துறைமுகம் என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். பருத்தித்துறை, காங்கேசன்துறை, மயிலாடுதுறை முதலிய ஊர்ப்பெயர்களில் இச்சொல் வாழ்கிறது. நீரில் இறங்கும் இடமும் துறை, மரக்கலம் சேரும் இடமும் துறை, கல்விப் பிரிவும் துறை, அகப்பொருள் புறப்பொருள் பாடல்களின் உட்பிரிவும் துறை.

வாயில் என்று பெயரிட்டாலும் குற்றமில்லை. ஆயினும் துறை என்னும் சொல்லில் ஒரு சிறப்பு உண்டு. வாயிலைப் பார்த்தால் அதன் அகலமும் உயரமும் உடனே தெரிந்துவிடும். துறையோ அவ்வாறன்று. கரையில் நின்று பார்ப்பவனுக்கு எல்லாத் துறையும் ஒன்றுபோலவே தோன்றும். எவ்வளவு ஆழம் உண்டு, எத்தகைய கலம் வரக்கூடும், கரையிலிருந்து எப்பாதை உள்ளே செல்கிறது என்பன வெளித்தோற்றத்தால் விளங்கா. கணினித் துறையின் இயல்பும் இதுவே. வாயின் வடிவம் வேறு. அதனுள் செல்லக்கூடியது வேறு. இக்கட்டுரை சொல்ல வந்த செய்தி இஃது ஒன்றே.

ஒரு வகுப்பறை நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன்னர், தைப்பிங் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றிய இளம் ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். அவர் வகுப்பிற்கென்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் இரண்டு திரைகளை வாங்கித் தந்திருந்தனர். ஒன்று மாணவரை நோக்கி வைப்பதற்கு. மற்றொன்று ஆசிரியை தம் மேசையில் வைத்துக் கட்டுரை திருத்துவதற்கு. தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய குடும்பத்தார் ஐந்து வெள்ளியும் பத்து வெள்ளியுமாகத் தந்த பணம் அது.

மடிக்கணினியில் எச்.டி.எம்.ஐ. துறை ஒன்று இருந்தது. அதில் முதல் திரையை இணைத்ததும் படம் வந்தது. இரண்டாம் திரைக்கு, யூ.எஸ்.பி. சி துறையில் செருகும் மாற்றி ஒன்றைக் கடைக்காரர் தந்திருந்தார். "இந்த வாய் இருந்தால் போதும், டீச்சர், படம் வரும்" என்பது அவர் கூற்று. மாற்றி அழுத்தமாகப் பொருந்தியது. படம் வரவில்லை. கம்பியை மாற்றினார், திரையை மாற்றினார், கணினியை அணைத்துத் திறந்தார். இரண்டு நாள் பாடவேளை இவ்வாறு கழிந்தது. உறை பிரித்த பொருளைக் கடையில் திரும்பப் பெறவில்லை.

அவர் என்னிடம் சொன்ன சொல் இன்னும் நினைவில் இருக்கிறது. "ஐயா, பெற்றோர் பணத்தைப் பாழாக்கிவிட்டேன். எனக்கு இந்தக் கணினியெல்லாம் ஒத்துவராது. பழையபடி வெண்பலகையே போதும்" என்றார். பழுது கணினியிலும் இல்லை, மாற்றியிலும் இல்லை, ஆசிரியையிடமும் இல்லை. பின் எங்கே பிழை? அதனை அறிய, திரைக்குச் செல்லும் சுமை இன்னதென்று முதலில் காணவேண்டும்.

திரைக்குச் செல்லும் சுமை

திரையில் நாம் காணும் காட்சி புள்ளிகளால் ஆயது. இன்று பரவலாக உள்ள திரைகளில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் 2,073,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவைச் சொல்ல 24 இரும எண்கள் வேண்டும். இவ்வளவையும் நொடிக்கு 60 முறை புதுப்பிக்க வேண்டும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி இரும எண்கள்.

நான்கு கே என்று வழங்கும் நுண்திரையில் குறுக்கே 3,840 புள்ளிகளும் நெடுக்கே 2,160 புள்ளிகளும் உண்டு. அதன் சுமை முன்னதைப்போல் நான்கு மடங்கு. நொடிக்கு ஏறத்தாழ 1,194 கோடி.

இனித் துறைகளின் ஆழத்தை நோக்குவோம். எலி, விசைப்பலகை முதலியவற்றைச் செருகும் பழைய யூ.எஸ்.பி. 2.0 துறையில் நொடிக்கு 48 கோடிதான் செல்லும். அதில் ஒரு திரையின் காட்சியை உள்ளவாறே அனுப்ப இயலாது. 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 வகையின் மொத்தக் கொள்ளளவு 1,020 கோடி. குறியீட்டுச் செலவு போகப் படத்திற்குக் கிடைப்பது 816 கோடி. நான்கு கே காட்சியை நொடிக்கு 60 முறை அனுப்ப இது போதாது. 30 முறை அனுப்பலாம். அவ்வாறு இணைத்த திரையில் எலியின் அம்புக்குறி தயங்கித் தயங்கி நகர்வதைக் காணலாம். 2013இல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.0 வகையின் கொள்ளளவு 1,800 கோடி. அது 60 முறைக்கும் இடந்தரும். இரு வகைக்கும் வாயின் வடிவம் ஒன்றே என்பது கருதத்தக்கது.

துறைகளின் இயல்பு

மடிக்கணினிகளிலும் திரைகளிலும் நாம் காணும் காட்சித் துறைகள் பெரும்பாலும் நான்கு வகைப்படும்.

முதலாவது வி.ஜி.ஏ. துறை. இது 1987இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கணினிகளோடு தோன்றியது. மூன்று வரிசையில் பதினைந்து துளைகள், பெரும்பாலும் நீல நிறம், இருபுறமும் திருகாணி. பள்ளிகளில் உள்ள பழைய படவீழ்த்திகளில் இதனை இன்றும் காணலாம். இதன் வழியே செல்வது எண் குறியீடு அன்று. ஏறியும் இறங்கியும் வரும் மின்னலை. ஒலி இதன் வழியே செல்லாது. படம் மட்டுமே செல்லும். 2010இல் பெரிய நிறுவனங்கள் சில ஒன்றுகூடி, 2015க்குள் இதனைக் கைவிடுவதாக அறிவித்தன. ஆதலின் புதிய மடிக்கணினிகளில் இது அரிது.

இரண்டாவது எச்.டி.எம்.ஐ. இதன் முதல் வரையறை 2002ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. பத்தொன்பது முனைகள், கீழ்ப்புறம் இரு மூலையும் சரிந்த தட்டை வடிவம். வீட்டுத் தொலைக்காட்சியில் உள்ளதும் இதுவே. படமும் ஒலியும் ஒரே கம்பியில் செல்லும். ஒரு திரை மட்டும் வேண்டுவோர் இத்துறை உள்ள கணினியையும் இத்துறை உள்ள திரையையும் நேரே இணைப்பதே எளிதும் மலிவும் ஆகும்.

மூன்றாவது டிஸ்பிளேபோர்ட். வேசா என்னும் தரக் கழகம் 2006இல் இதனை வெளியிட்டது. இருபது முனைகள், எச்.டி.எம்.ஐ. போன்ற தோற்றம், ஆயின் ஒரு மூலை மட்டுமே சரிந்திருக்கும். பலர் இவ்விரண்டையும் மயங்கி அழுத்தி வாயைக் கெடுத்துவிடுகின்றனர். எளிதில் நுழையாத எதனையும் வலிந்து நுழைத்தல் கூடாது. 2010இல் வந்த இதன் 1.2 வகை முதற்கொண்டு, ஒரு துறையின் வழியே பல திரைகளுக்கு வெவ்வேறு காட்சிகளை அனுப்பும் முறை அமைந்தது.

நான்காவது, யூ.எஸ்.பி. சி. இதுவே மயக்கத்திற்கு முதற்காரணம். ஆதலின் இதனைத் தனியே காண்போம்.

ஒரே வாய், பல ஆற்றல்

யூ.எஸ்.பி. சி வடிவம் 2014இல் வரையறுக்கப்பட்டது. சிறிய நீள்வட்ட வாய். இருபத்து நான்கு முனைகள். மேல் கீழ் என்ற வேறுபாடின்றி எப்படியும் செருகலாம். இன்று நம் கைப்பேசிகள் பலவற்றிலும் இதுவே உள்ளது.

சி என்பது வாயின் வடிவத்திற்குப் பெயரேயன்றி அதன் ஆற்றலுக்குப் பெயரன்று. இவ்வொரு வாய்க்குள் நான்கு நிலைகள் இருக்கக்கூடும். சில துறைகள் மின்னூட்டத்தை மட்டும் ஏற்கும். சில, மின்னூட்டத்தோடு கோப்புகளையும் கடத்தும். சில, இவற்றோடு டிஸ்பிளேபோர்ட் காட்சியையும் வெளியே அனுப்பும். இதனை மாற்றுமுறை என்பர். இம்முறையும் 2014இலேயே அறிவிக்கப்பட்டது. சில, தண்டர்போல்ட் எனப்படும் மிக ஆழ்ந்த துறைகள். 2015இல் வந்த தண்டர்போல்ட் 3 நொடிக்கு 4,000 கோடி இரும எண்களைக் கடத்தும், படத்தையும் அனுப்பும்.

நான்கும் வெளிப்பார்வைக்கு ஒன்றே. வேறுபாட்டை எவ்வாறு அறிவது? வாயின் அருகே பொறித்துள்ள சிறு குறியை உற்று நோக்குக. டி என்னும் ஆங்கில எழுத்துக்குள் பி எழுத்து அடங்கிய குறி இருந்தால் அது காட்சியை அனுப்பும். முனையில் அம்பு போன்ற மின்னல் கீற்று இருந்தால் தண்டர்போல்ட். மின்கல வடிவம் மட்டும் இருந்தால் மின்னூட்டம் ஒன்றையே அக்குறி சொல்கிறது. மூன்று கிளையாய்ப் பிரியும் யூ.எஸ்.பி. குறி கோப்பு கடத்தலைச் சொல்கிறதே தவிர, படத்திற்கு உறுதி தரவில்லை. குறியே இல்லாத கணினிகளும் உண்டு. அவற்றிற்குக் கணினியின் அடியில் அச்சிட்டுள்ள மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் கையேட்டில் அத்துறையைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தலே உறுதியான வழி.

கம்பியும் இவ்வாறே. கைப்பேசியோடு வரும் சி வடிவக் கம்பிகள் பலவற்றில் மின்னூட்டத்திற்கும் யூ.எஸ்.பி. 2.0 வேகத்திற்கும் வேண்டிய இழைகளே உள்ளன. படத்தைச் சுமக்கும் இழைகள் இல்லை. துறை சரியாக இருந்தும் கம்பி தவறினால் திரை இருண்டே கிடக்கும். திரையோடு வந்த கம்பியைப் பேணி வைத்து அதனையே பயன்படுத்துதல் நன்று.

நம் ஆசிரியையின் கணினியை இவ்வாறு சோதித்தேன். கையேட்டில், அந்தச் சி துறை கோப்புக்கும் மின்னூட்டத்திற்கும் மட்டுமே உரியது என்று எழுதியிருந்தது. அவர் வாங்கிய மாற்றியோ, துறையிலிருந்து வரும் டிஸ்பிளேபோர்ட் காட்சியை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றித் தருவது. வராத காட்சியை அது எவ்வாறு மாற்றும்? சரக்கே ஏறாத வண்டிக்குத் துறையில் காத்திருந்த படகின் நிலைதான் அதன் நிலை.

மாற்றிகளின் திசை

தைப்பிங்கிலிருந்து வந்த வெள்ளீயம் போர்ட் வெல்டில் வண்டியிலிருந்து இறக்கிக் கலத்தில் ஏற்றப்பட்டது. தண்டவாளத்தில் ஓடும் வண்டி கடலில் ஓடாது. இடையே ஆட்கள் நின்று உழைக்க வேண்டும். கணினி மாற்றிகளிலும் இத்தகைய உழைப்பு உண்டு.

எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வரும் எண் குறியீட்டைப் பழைய படவீழ்த்தியின் வி.ஜி.ஏ. மின்னலையாக மாற்ற, உள்ளே சில்லு பொருந்திய மாற்றி வேண்டும். வெறும் கம்பியால் அது நிகழாது. அங்கே ஒலி வேறு வழியில் செல்லவேண்டும் என்பதையும் மறவாதிருத்தல் நன்று. மாற்றியில் ஒலிக்கெனத் தனித்துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

மற்றொன்று திசை. டிஸ்பிளேபோர்ட் துறையிலிருந்து எச்.டி.எம்.ஐ. திரைக்குச் செல்லும் கம்பி மலிவானது. பல கணினிகளின் டிஸ்பிளேபோர்ட் துறை, தானே எச்.டி.எம்.ஐ. முறையிலும் பேசவல்லது. அதே கம்பியைத் திருப்பிப் பிடித்து, எச்.டி.எம்.ஐ. கணினியிலிருந்து டிஸ்பிளேபோர்ட் திரைக்கு இணைத்தால் வேலை செய்யாது. அத்திசைக்கு வேறு மாற்றி உண்டு. அதற்குத் தனி மின்விசையும் வேண்டியிருக்கும். ஆகவே கடையில் கேட்கும்போது இரு பெயரையும் சொன்னால் மட்டும் போதாது. எது கணினிப்பக்கம், எது திரைப்பக்கம் என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

இரண்டு திரைகள்

மடிக்கணினிக்குப் புறத்தே இரண்டு திரைகள் வேண்டுவோர்க்கு வழிகள் பல. கணினியில் எச்.டி.எம்.ஐ. துறையும், காட்சி அனுப்பும் சி துறையும் இருப்பின், துறைக்கு ஒரு திரையாக இணைப்பதே நேர்வழி.

காட்சி அனுப்பும் துறை ஒன்றே இருப்பின், டிஸ்பிளேபோர்ட்டின் பலதிரை முறையைக் கையாளும் இணைப்புப் பெட்டியைப் பயன்படுத்தலாம். டாக் என்று கடைகளில் சொல்வது இதனையே. விண்டோஸ் கணினிகளில் இதன் வழியே இரு திரையிலும் வெவ்வேறு காட்சி வரும். ஆப்பிள் கணினிகளின் இயக்கமுறை இப்பலதிரை முறையை ஏற்பதில்லை. அப்பெட்டியை அவற்றில் இணைத்தால் இரு புறத்திரையிலும் ஒரே காட்சியே தோன்றும்.

கணினியின் உள்ளே இருக்கும் காட்சிச் சில்லுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆப்பிள் நிறுவனத்தார் 2020இல் வெளியிட்ட எம்1 மேக்புக் ஏரும், 2022இல் வெளியிட்ட எம்2 மேக்புக் ஏரும் ஒரு புறத்திரையையே தாமாக இயக்கும். 2024இல் வந்த எம்3 மேக்புக் ஏர், மூடியை மூடி வைத்தால் இரண்டினை இயக்கும். 2025இல் வந்த எம்4 மேக்புக் ஏர், மூடி திறந்திருக்கும்போதே இரண்டினை இயக்கும். வாய் இரண்டு இருப்பதால் திரையும் இரண்டு வரும் என்று எண்ணுதல் தவறு என்பதற்கு இவை சான்று.

காட்சி அனுப்பும் துறை வேறு இல்லையெனில் என் செய்வது? அதற்கும் வழியுண்டு. டிஸ்பிளேலிங்க் என்னும் முறையில், கணினி காட்சியைச் சுருக்கி வெறும் கோப்பைப்போல யூ.எஸ்.பி. 3.0 துறையின் வழியே அனுப்பும். மறுமுனையில் உள்ள சில்லு அதனை விரித்துத் திரைக்குத் தரும். இதற்குரிய மென்பொருளைக் கணினியில் நிறுவ வேண்டும். சுருக்கும் வேலை கணினியின் மேல் விழுவதால் வேகமான ஓடுபடங்களில் சிறு தயக்கம் காணலாம். காப்புரிமைப் பூட்டுள்ள திரைப்படங்கள் இருண்டு தோன்றவும் கூடும். எழுத்தும் பாடமும் காட்டுவதற்கு இது போதுமானது. விலை மட்டும் சற்று மிகுதி.

ஆசிரியையின் இரண்டாம் திரை இவ்வழியிலேயே ஒளி பெற்றது.

இணைத்த பின்

கம்பியைச் செருகியதும் வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. திரைக்கும் துறைகள் பல உண்டு. எத்துறையிலிருந்து காட்சியை எடுப்பது என்று திரையின் பொத்தானால் தெரிவிக்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. ஒன்றில் செருகிவிட்டு எச்.டி.எம்.ஐ. இரண்டில் காத்திருப்பார் பலர்.

விண்டோஸ் கணினியில், நான்கு சதுரம் சேர்ந்த விண்டோஸ் குறியுள்ள பொத்தானையும் பி எழுத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தெரிவுகள் தோன்றும். கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒரே காட்சி, திரையை விரித்தல், இரண்டாம் திரை மட்டும். ஆசிரியர்க்கு உகந்தது விரித்தல். ஒரே காட்சியை வைத்துக்கொண்டு மதிப்பெண் பட்டியலைத் திறந்தால், கடைசி இடம் பெற்ற மாணவனின் பெயரை வகுப்பே படிக்கும். விரித்து வைத்தால், மாணவர் காண்பது பாடம். ஆசிரியர் காண்பது பட்டியல். குழந்தையின் மானம் காக்கும் செயல் அது.

அமைப்புப் பக்கத்தில் திரைகள் எண்ணிட்ட கட்டங்களாகத் தோன்றும். மேசையில் எந்தத் திரை இடப்புறம் உள்ளதோ, அதன் கட்டத்தையும் இடப்புறம் இழுத்து வைத்தால் எலியின் குறி இயல்பாகக் கடந்து செல்லும். எழுத்து மங்கினால் புள்ளி அளவு திரைக்குரிய அளவுதானா என்று அங்கேயே பார்க்கலாம். ஒலி திடீரென நின்றுவிட்டால், அது பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ. வழியே ஒலிபெருக்கி இல்லாத திரைக்குப் போயிருக்கும். ஒலி அமைப்பில் கணினியின் ஒலிபெருக்கியை மீண்டும் தெரிவு செய்க.

கம்பியின் நீளத்தையும் கருதவேண்டும். நீளம் கூடக் கூடக் குறியீடு தேயும். மேசையில் இரண்டு மீட்டர் கம்பி தெளிவாகக் காட்டிய படம், கூரையில் தொங்கும் படவீழ்த்திக்குச் செல்லும் நெடுங்கம்பியில் விட்டுவிட்டு மின்னலாம். அப்போது புள்ளி அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும்; அல்லது நெடுந்தொலைவிற்கென்று செய்த கம்பியை வாங்க வேண்டும். மலேசியத் தீபகற்பத்தில் மிகுதியாக மழை பெறும் ஊர்களுள் தைப்பிங் ஒன்று என்பது யாவரும் அறிந்ததே. மாலையில் இடி முழங்கும்போது மின்விசையை அணைத்தால் மட்டும் போதாது. மின்செருகியையும் கழற்றி வைத்தலே பாதுகாப்பு.

இரு திரையால் விளையும் பயன்

இத்தனை பாடு எதற்கு, ஒரு திரை போதாதா என்று முதிய ஆசிரியர் சிலர் கேட்கின்றனர். தமிழ் கற்பிப்போர்க்கு இரு திரை ஆடம்பரம் அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அத்தொகுதிகள் இல்லாத பள்ளியிலும் இன்று அதனைக் கணினியில் காணலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தால் நம் இலக்கியங்கள் பல மின்னெழுத்தில் கிடைக்கின்றன. ஒரு திரையில் மூலத்தையும் அகராதியையும் திறந்து வைத்து, மறு திரையில் பாடக்குறிப்பு எழுதலாம். முன்னோர் மேசைமேல் மூன்று நூல்களை விரித்து வைத்துக்கொண்டு எழுதினார்களே, அம்மேசையைத்தான் நாம் மீண்டும் பெறுகிறோம். மாணவன் கட்டுரை ஒருபுறமும் திருத்தக் குறிப்பு மறுபுறமும் இருந்தால், பக்கங்களை மாற்றி மாற்றித் திறக்கும் தொல்லை ஒழியும், கண் கட்டுரையில் நிலைக்கும், திருத்தமும் நேர்மையாகும்.

வாங்குமுன்

இவற்றையெல்லாம் நினைவில் கொள்ளல் அரிதெனின், கடைக்குச் செல்லுமுன் மூன்று வினாக்களைத் தாளில் எழுதி விடை காண்க. என் கணினியில் காட்சி அனுப்பும் துறைகள் எவை? வாய்களை எண்ணாமல், கையேட்டைப் பார்த்து எழுதுக. என் திரையில் உள்ள துறைகள் எவை, அவற்றின் புள்ளி அளவு என்ன? இடையே மாற்றி வேண்டுமெனின் அதன் திசை யாது? இம்மூன்றும் எழுதிய தாளோடு, முடிந்தால் மடிக்கணினியையும் எடுத்துச் சென்று, கடையிலேயே இணைத்துக் காட்டச் சொல்லி வாங்குவது முறை. பொதுப்பணத்தில் வாங்கும்போது இவ்வெச்சரிக்கை கடமையும் ஆகும்.

ஆசிரியை முதலில் வாங்கிய மாற்றி ஓராண்டு அலமாரியில் கிடந்தது. பின்னர் அப்பள்ளிக்கு மாற்றலாகி வந்த மற்றோர் ஆசிரியரின் மடிக்கணினியில், சி துறையின் அருகே டி எழுத்துக்குள் பி அடங்கிய அக்குறி இருந்ததை இவ்வாசிரியையே கண்டார். மாற்றியை எடுத்துச் செருகினார். உடனே படம் வந்தது. பெற்றோர் பணம் பாழாகவில்லை. தமக்குக் கணினி ஒத்துவராது என்றவரிடமே இன்று அப்பள்ளி ஆசிரியர் கம்பியும் கையுமாக ஐயம் கேட்க வருகின்றனர்.

மாற்றி ஒன்றே, கம்பி ஒன்றே, திரை ஒன்றே, துறைதான் வேறு. கோலா செப்பேத்தாங் செல்லும் ஆசிரியர்கள் தம் மாணவர்க்கு அந்தப் பழைய பெயர்ப்பலகையின் தமிழ் எழுத்தைக் காட்டும்போது, துறை என்னும் சொல்லையும் விளக்குவார்களாக. கரையில் நின்று துறையின் ஆழத்தைச் சொல்ல இயலாது என்பதை விளக்க, அதனினும் ஏற்ற இடம் வேறில்லை.